பாசிவால் ஆமை: ஜப்பானிய நீர்நிலைகளிலும் ஓவியத்திரையிலும்

ஜப்பானிய அரக்குப் பெட்டியின் மூடியிலும், திருமணக் கிமோனோவின் பூவேலையிலும், புத்தாண்டுக்குத் தொங்கவிடும் சுருள் ஓவியத்திலும் ஆமை வரும்போது, அதன் பின்னே நரைத்த தாடியைப் போல ஒரு நீண்ட வால் அலைந்துகொண்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். எந்த ஆமைக்கும் இல்லாத அந்த வால் எலும்பாலோ தசையாலோ ஆனதன்று, முழுவதும் பாசி. இந்த உருவத்தை ஜப்பானியர் 'மினொகமெ' என்று அழைக்கின்றனர். 'கமெ' என்றால் ஆமை. 'மினோ' என்பது வைக்கோலை அடுக்கடுக்காகப் பின்னி, நுனிகள் கீழே தொங்கும்படி விட்டு, உழவரும் மீனவரும் மழைக்காலத்தில் முதுகில் போட்டுக்கொண்ட அங்கி. ஆக, மழையங்கி அணிந்த ஆமை என்பதே அப்பெயரின் பொருள். இதைக் கட்டுக்கதை விலங்குகளின் வரிசையில் வைத்துவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் இந்த வால் குளக்கரையில் குனிந்து பார்த்தவர்களின் கண்ணிலிருந்து பிறந்தது என்பதும், ஜப்பானியக் கலையின் மங்கல ஆமைக்குள் உயிருள்ள ஆமையைப் பற்றிய கூர்ந்த அறிவு பொதிந்திருக்கிறது என்பதுமே இவ்வுரையின் கருத்து.

ஹொன்ஷு, ஷிகோகு, கியூஷு ஆகிய மூன்று பெருந்தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத நன்னீர் ஆமை ஒன்று ஜப்பானில் உண்டு. 'இஷிகமெ', அதாவது கல்லாமை, என்பது அதன் பெயர். மஞ்சள் கலந்த பழுப்பு நிறமான மேலோட்டின் நடுவே ஒரே ஒரு முகடு ஓடும். ஓட்டின் பின்விளிம்பு அரத்தின் பல்லைப் போல வெட்டுவெட்டாக இருக்கும். பெண் ஆமை ஆணைவிட நன்றாகவே பெரியது. மலையடிவார ஓடைகளிலும் நெல்வயல்களை ஒட்டிய குளங்களிலும் வாழ்ந்து, குளிர்காலத்தை நீருக்கடியில் உறங்கிக் கழிக்கும். இதன் குஞ்சின் ஓடு வட்டமாகவும் சிறியதாகவும் இருப்பதால் 'ஸெனிகமெ', அதாவது காசு ஆமை, என்று எடோ காலத்திலிருந்தே செல்லப்பெயர் பெற்றது.

ஊர்வன இனங்களுக்கே உரிய முறையில் இந்த ஆமைகள் பாறைமேல் ஏறி வெயில் காயும். உடலைச் சூடேற்றிக்கொள்வதோடு அவ்வெயிலுக்கு இன்னொரு பயனும் உண்டு: ஓட்டின்மேல் பற்றிய பாசி உலர்கிறது, ஓட்டை மூடியிருக்கும் கொம்புத் தகடுகளின் மேலடுக்கு அவ்வப்போது உரியும்போது ஒட்டியிருந்ததும் சேர்ந்து போகிறது. எனினும் நீண்ட காலம் அசைவற்ற நீரில் கிடக்கும் ஆமையின் முதுகில் இழைப்பாசி வேரூன்றிவிடுகிறது. ஆமை ஓட்டையே தன் இருப்பிடமாகத் தேர்ந்துகொண்ட பச்சைப்பாசிப் பேரினம் ஒன்றும் உண்டு. தாவரவியலார் அதற்கு பேசிகிளேடியா என்று பெயரிட்டுள்ளனர். ஆமை முன்னோக்கி நீந்தும்போது இழைகள் அனைத்தும் பின்னோக்கி இழுபடுகின்றன; ஓட்டின் பின்விளிம்பைத் தாண்டிய இழைகள் ஒரே கற்றையாகச் சேர்ந்து, நீருக்குள் வாலாகவே தெரிகின்றன. நீரைவிட்டு வெளியே எடுத்தால் அது ஈரத்துணிபோலத் துவண்டு ஒட்டிக்கொள்ளும். ஓவியர் அதை எப்போதும் விரிந்து அலைவதாக வரைந்திருப்பது, அவர் பார்த்த ஆமை நீரில் இருந்தது என்பதற்கே சான்று. பாசி வளரக் காலம் வேண்டும். ஆகவே நீண்ட பாசி முதுமையின் அடையாளமாயிற்று. கொக்கின் ஆயுள் ஆயிரம் ஆண்டு, ஆமையின் ஆயுள் பத்தாயிரம் ஆண்டு என்னும் வழக்கு ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பத்தாயிரத்தைக் கண்ணுக்குக் காட்ட ஓவியருக்கு இதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது.

ஆமை மங்கல விலங்கு என்னும் எண்ணமே சீனத்திலிருந்து நேராகவும் கொரியாவழியாகவும் வந்தது. நான்கு திசைகளைக் காக்கும் நான்கு விலங்குகளில் வடதிசைக்குரியது 'கென்பு'. பாம்பு சுற்றிப் பின்னிய ஆமை அது. நாரா மாநிலத்து அசுகா கிராமத்தில் உள்ள கிதோரா கல்லறைக்குள் 1983-இல் மெல்லிய ஒளியிழைக் கருவியை நுழைத்துப் பார்த்தபோது, வடசுவரில் முதலில் கண்ணில் பட்டது இந்த உருவம்தான். 7-ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த அக்கல்லறையில் நான்கு திசைக் காவலரும் எஞ்சியிருப்பது பெரும்பேறு. அருகிலுள்ள தகமட்சுசுகா கல்லறையில் தென்சுவரின் பறவையைக் கள்வர் துளை அழித்துவிட்டது. அதே அசுகாவில் 2000-ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட ஆமை வடிவக் கல்தொட்டி ஏறக்குறைய 2.4 மீட்டர் நீளமுள்ளது. மேலிருந்து வரும் நீர் ஆமையின் மூக்கின்வழி புகுந்து, குடையப்பட்ட வட்ட முதுகில் தேங்கி, வால்வழியே வழிந்தோடும். எந்தச் சடங்குக்காக அது அமைக்கப்பட்டது என்பதைப் பற்றி அறிஞர் வாதிடலாம். ஆமையை நீரின் பாதையாகவே எண்ணிய சிற்பியின் கற்பனைக்கு விளக்கம் தேவையில்லை.

622-இல் ஷோதோகு இளவரசர் இறந்தபின் அவர் துணைவியார் வேண்டியபடி தைக்கப்பட்ட பூவேலைத் திரை, இன்று சுகூஜி மடத்துக்குரிய துண்டுகளாக மட்டும் எஞ்சியுள்ளது. அதில் நூறு ஆமைகள் இருந்தன. ஒவ்வோர் ஆமையின் முதுகிலும் நான்கு எழுத்துகள். நூறும் சேர்ந்து நானூறு எழுத்தில் அத்திரை பிறந்த வரலாற்றைச் சொல்லின. அரசின் ஆண்டுக்கணக்கிலும் ஆமை புகுந்தது. 715-இல் அரிய ஆமை ஒன்று அரண்மனைக்குக் காணிக்கையாக வர, அந்த ஆண்டுமுதல் தொடங்கிய காலத்துக்கு 'ரெய்கி', அதாவது தெய்வீக ஆமை, எனப் பெயரிடப்பட்டது. 724-இல் தொடங்கிய 'ஜின்கி', 770-இல் தொடங்கிய 'ஹோகி' ஆகியவையும் ஆமைப் பெயர்களே. ஆமையோட்டைச் சூடேற்றி அதில் விழும் வெடிப்பைப் படித்துக் குறி பார்க்கும் வழக்கமும் இன்னும் மறையவில்லை. 2019 மே மாதம், புதிய பேரரசரின் அறுவடைச் சடங்குக்குரிய நெல் எந்த மாநிலங்களிலிருந்து வர வேண்டும் என்பது அவ்வாறுதான் முடிவாயிற்று. ஒகசவரா தீவுகளின் பேராமை ஓட்டை மெல்லிய பலகையாகச் சீவிப் பயன்படுத்தினர். குறி தோசிகியையும் கியோதோவையும் காட்டியது.

அந்தப் பழங்காலப் பொருள்களுள் தனியே நின்று பார்க்கத்தக்கது ஷோசோயினில் உள்ள ஒரு சிறு கற்பெட்டி. நாராவின் தோதாய்ஜி கோயிலைச் சேர்ந்த மரக் கருவூலம் ஷோசோயின். 756-இல் பேரரசி கோம்யோ தம் கணவரின் உடைமைகளைப் புத்தருக்குப் படைத்ததில் அதன் தொகுப்பு தொடங்கியது. புள்ளிகள் பரந்த கரும்பச்சைக் கல்லில் செதுக்கிய அந்த ஆமை உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. இது கல்லாமையன்று, 'சுப்போன்' எனப்படும் மென்னோட்டு ஆமை, தமிழில் பாலாமை என்று வழங்கும் வகைக்கு உறவு. தட்டையான, ஓரம் குழைந்த ஓடு, மூச்சுக்குழல்போல் நீண்ட மூக்கு, பதுங்கிய கழுத்து, கண்ணில் அம்பர் மணி. சேற்றில் புதைந்தபடி மூக்கின் நுனியை மட்டும் நீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கும் விலங்கை நேரில் பார்க்காதவர் அந்த மூக்கை அப்படிச் செதுக்கியிருக்க முடியாது. முதுகில் பொன்னாலும் வெள்ளியாலும் ஏழு விண்மீன்களைக் கோடிட்டு இணைத்த சப்தரிஷி மண்டலம் பதிந்துள்ளது. அதுவும் வானத்தில் தெரிவதற்கு நேர்மாறாக, இடம் வலம் மாறி. வயிற்றுப்புறத்தைத் திருப்பினால் எட்டு இதழ்ப் பள்ளம் ஒன்று குடையப்பட்டிருக்கும். வடதிசையும் விண்மீனும் காலக்கணக்கும் முதுகில் ஏறியிருந்தாலும், விலங்கு விலங்காகவே இருக்கிறது.

சுப்போன் அறிவியலிலும் ஓர் இடம் பெற்றுவிட்டது. ஆமையின் ஓடு வெளியே அணிந்த கவசமன்று. அதன் விலாவெலும்புகளும் முதுகெலும்புமே விரிந்து தகடாகியிருக்கின்றன. அதனால் பிற முதுகெலும்பிகளில் விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கும் தோள்பட்டை எலும்பு, ஆமையில் மட்டும் கூட்டுக்கு உள்ளே அமைந்துவிடுகிறது. இது எப்படி நேர்ந்தது என்ற பழைய புதிருக்குக் கோபே நகரின் ரிகென் ஆய்வகத்தார் சுப்போன் கருக்களைக் கொண்டு 2009-இல் விடை கண்டனர்: கரு வளரும்போது உடற்சுவர் உட்புறமாக மடிகிறது; விலாவெலும்புகள் கீழே வளையாமல் பக்கவாட்டில் பரவித் தோள்பட்டையை மேலிருந்து மூடிக்கொள்கின்றன. ஒரு வருடம் முன்னதாகச் சீனாவின் குய்சோவில் கிடைத்த 22 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவம் ஒன்றில் வயிற்றோடு முழுமையாகவும் முதுகோடு அரைகுறையாகவும் இருந்தது இதற்கு நன்றாகப் பொருந்தியது. நல்ல சாறு தரும் ஆமை என்பதற்காகக் குளம் வெட்டி வளர்க்கப்பட்ட சுப்போன், ஆமை எப்படி ஆமையாயிற்று என்பதற்கும் சாட்சி சொன்னது.

எடோ காலத்தில் ஆமை அரண்மனையிலிருந்தும் கோயிலிலிருந்தும் இறங்கித் தெருவுக்கு வந்தது. ஆண்டின் எட்டாம் மாதம் 15-ஆம் நாள் நடந்த 'ஹோஜோஎ' என்னும் உயிர்விடுதலை விழாவில், பிடித்து வைத்த மீனையும் பறவையையும் ஆமையையும் விலைக்கு வாங்கி விட்டுவிட்டால் புண்ணியம் சேரும் என்பது நம்பிக்கை. பாலத்தருகே ஆமை விற்பவர்கள் அவற்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பர். ஓவியர் ஹிரோஷிகே தம் 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில் 1857-இல் வெளியிட்ட ஃபுககவா மன்னென் பாலக் காட்சி முழுவதும் இப்படித் தொங்கும் ஓர் ஆமையால் ஆனது. படத்தின் முன்புறத்தில் மரச்சட்டத்தின் நடுவே, இடுப்பில் கயிறு இறுக்கப்பட்டு ஆமை தொங்குகிறது, நான்கு கால்களும் ஊன்ற இடமின்றி விரிந்து நிற்கின்றன, கழுத்து நீண்டிருக்கிறது. அதன் அடியில் ஆறும் படகுகளும் மிகச் சிறியனவாக ஓட, தொலைவில் ஃபூஜி மலை வெண்மையாக நிற்கிறது. 'மன்னென்' என்றால் பத்தாயிரம் ஆண்டு. ஆகவே பாலத்தை முழுதாகக் காட்டாமலே பாலத்தின் பெயரை ஓவியர் சொல்லிவிட்டார். ஆனால் படத்தை நெடுநேரம் பார்ப்பவர் மனத்தில் தங்குவது சொல்விளையாட்டன்று. காற்றில் துழாவும் அந்தக் கால்களே. இந்த ஆமைக்குப் பாசிவால் கிடையாது. மங்கலம் எல்லாம் நீங்கிய, விலை பேசப்படும் உயிர் அது. விடுதலைக்காகவே பிடிக்கப்பட்ட உயிர் என்பது அதன் துயரத்தைக் கூட்டுகிறது.

ஓவியர் குனியோஷி வேறு வழியில் சென்றார். 1842-இன் அரசுக் கட்டுப்பாடுகள் கபுகி நடிகர்களின் முகங்களை அச்சிடத் தடை விதித்ததும், அவர் ஆமைகளை வரைந்து அவற்றின் தலையில் நடிகர் முகங்களை வைத்தார். பார்த்தவர்கள் மூக்கையும் புருவத்தையும் கொண்டே யார் யார் என்று அடையாளம் கண்டனர். இடுப்புக்கச்சையில் தொங்கும் பணப்பை நழுவாமல் பிடித்துக்கொள்ளும் 'நெட்சுகெ' என்னும் சிறு செதுக்குவேலைகளில், தாய் ஆமைமேல் குட்டியும் குட்டிமேல் பேரக்குட்டியும் ஏறிய உருவம் மிகுதி. வமிசம் தழைக்க வேண்டும் என்ற வாழ்த்து அது. ஆயினும் வெயில் காயும் கல் சிறிதாக இருந்தால் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதை எந்தக் குளக்கரையிலும் காணலாம். ஓட்டின் அறுகோணத் தகடுகளிலிருந்து வந்த 'கிக்கோ' வடிவம் நெசவிலும் கோயில் இலச்சினையிலும் பரவி, கடைசியில் சோயா சாறு புட்டியின்மேலும் வந்து அமர்ந்தது. பள்ளிக் கணக்கில்கூடக் கொக்கும் ஆமையும் சேர்ந்தே வருகின்றன: இத்தனை தலை, இத்தனை கால் என்றால் கொக்கு எத்தனை, ஆமை எத்தனை?

ஆமையைப் போற்றிய கலையே ஆமையை அழித்த பக்கமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 'பெக்கோ' எனப்படும் ஓட்டுவேலைக்கு உரியது அழுங்காமை. கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று கவிந்த அதன் தகடுகள் தேன்நிறமும் கருமையும் கலந்தவை. நீரும் சூடும் பட்டால் இளகி, பசையே இன்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்பவை. நாகசாகியின் கைவினைஞர் அவற்றைச் சூடேற்றிய இரும்பால் அழுத்தி அடுக்கிச் சீப்பும் கொண்டை ஊசியும் செய்தனர். உதமரோ வரைந்த பெண்களின் கொண்டையில் ஒளிரும் மஞ்சள் ஊசிகள் இவையே. 'பெக்கோ' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் மென்னோட்டு ஆமையின் ஓடு. ஆடம்பரத் தடைக்கு அஞ்சிய வணிகர் விலையுயர்ந்த அழுங்காமை ஓட்டை மலிவான சுப்போன் பெயரில் விற்றதால் அப்பெயர் நிலைத்ததாகச் சொல்லப்படுகிறது. ஜப்பானின் கடலில் போதிய அழுங்காமை இல்லாததால் ஓடு வெப்பமண்டலக் கடல்களிலிருந்தெல்லாம் வந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் 1980-இல் சேர்ந்தபோதும் ஜப்பான் அழுங்காமைக்கு மட்டும் விலக்குக் கேட்டு வைத்திருந்தது. 1992 இறுதியில்தான் இறக்குமதி நின்றது, 1994-இல் விலக்கு கைவிடப்பட்டது. அந்தக் கைவினையின் அழகை மறுக்க முடியாது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

நன்னீர் ஆமைக்கு வந்த இடர் வேறு வகையானது. 1950-களிலிருந்து அமெரிக்காவின் செங்காது ஆமைக் குஞ்சுகள் பச்சைக் காசுபோலக் கடைகளில் விற்கப்பட்டு, வளர்ந்து பெருத்ததும் குளங்களில் விடப்பட்டன. அவற்றின் விற்பனையையும் நீர்நிலைகளில் விடுவதையும் 2023 ஜூன் 1 முதல் சட்டம் தடுக்கிறது. இதற்கும் முன்பே இன்னொரு கலப்பு நடந்துவிட்டது. மூன்று முகடுள்ள, பிடித்தால் நாற்றம் வீசும் 'குசகமெ' நெடுங்காலம் ஜப்பானுக்கே உரியதென்று எண்ணப்பட்டது. மரபணு ஆய்வுகளோ அது கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டதென்று காட்டுகின்றன. அது இஷிகமெயோடு இணைந்து கலப்புக் குஞ்சுகளைப் பெறுகிறது. இன்று ஸெனிகமெ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை குசகமெக் குஞ்சுகள். காசு ஆமை என்ற பெயர் தன் சொந்த ஆமையை விட்டு வேறோர் ஆமைமேல் ஏறிவிட்டது. வளர்ப்புக்கென்று வந்து காட்டில் பெருகிவிட்ட ரக்கூன்கள் கல்லாமையின் கால்களைக் கடித்துத் தின்பதால், முன்கால் இழந்த ஆமைகள் ஓடைகளில் தென்படுகின்றன. நெடுங்காலம் அமைதியாக வாழ்ந்ததைக் காட்டும் பாசிவாலுக்கு இத்தகைய ஓடைகளில் இடம் குறைவு.

ஆமைக்கதைகளில் தலையாயது உரஷிமாவின் கதை. 720-இல் முடிந்த 'நிஹோன் ஷோகி' வரலாற்றிலேயே அது இடம்பெறுகிறது. தாங்கோ நாட்டு மீனவன் ஒருவன் படகிலிருந்து ஆமையைப் பிடிக்க, அது பெண்ணாக மாற, இருவரும் கடலுக்கப்பாலுள்ள ஹோராய் என்னும் சாவில்லாத் தீவுக்குப் போகின்றனர். ஊர் திரும்பும்போது அவனுக்கு மூன்று ஆண்டு கழிந்திருக்க, ஊரில் நூற்றாண்டுகள் கழிந்திருக்கின்றன. துன்புறுத்தும் சிறுவரிடமிருந்து ஆமையைக் காத்தான், நன்றியாக அது கடலடி அரண்மனைக்கு அழைத்துச் சென்றது என்பது பின்னாளில் படிந்த வடிவம். எடோ கால அச்சுகளில் உரஷிமா ஏறிச் செல்வது பெரும்பாலும் பாசிவால் ஆமைமேல்தான். கடலாமையின் முதுகில் பாசியோடு, கப்பலடியில் ஒட்டும் கொட்டலசும் பற்றிக்கொள்ளும். தாடிபோன்ற வால் குளத்து முதியவருக்கே உரியது. ஓவியர் குளத்தையும் கடலையும் கலந்துவிட்டார் என்று குறை சொல்வதைவிட, 'கமெ' என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்கியதால் இரண்டின் முதுமையும் ஒன்றாயிற்று என்று கொள்வதே பொருந்தும். கியோதோவின் கோன்சி-இன் கோயிலில் கோபொரி என்ஷு 1632-இல் அமைத்த தோட்டத்தில் வெண்மணல் கடலாகவும், ஒரு கற்குவியல் கொக்காகவும், இன்னொன்று ஆமையாகவும் கிடப்பது இந்த ஹோராய் நினைவின் மிச்சமே.

கதையிலுள்ள கடற்பயணத்தை மிஞ்சுகிறது உண்மையான பயணம். வட பசிபிக்கின் பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் கரைகள் ஜப்பானில்தான் உள்ளன. அவற்றுள் முதன்மையானது யகுஷிமா தீவின் நகதா கடற்கரை. மே முதல் ஆகஸ்டுவரை இரவில் கரையேறும் பெண் ஆமை, பின்கால்களை மாறிமாறிக் கரண்டிபோல் வளைத்துக் குழி தோண்டி, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். அப்போது கண்ணிலிருந்து வழியும் நீர் உடலின் மிகை உப்பை வெளியேற்றும் சுரப்பி தருவது. ஆனால் கரையோர மக்கள் அதைப் பேற்றுவலியின் கண்ணீராகவே கண்டனர், வலையில் சிக்கிய ஆமைக்குச் சாக்கே ஊற்றி மரியாதையோடு கடலில் விட்டனர். ஏறக்குறைய இரு மாதத்தில் பொரிக்கும் குஞ்சுகள் குரோஷியோ நீரோட்டத்தில் சேர்கின்றன. அவற்றுள் சில பசிபிக்கைக் கடந்து மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவரை போய் வளர்கின்றன. 1996-இல் அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட 'அடெலிதா' என்ற பெண் ஆமை, 368 நாள்களில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து ஜப்பானியக் கடலோரத்தை அடைந்தது.

ஷிகோகுவின் தோகுஷிமா மாநிலத்தில் ஹிவசா என்ற ஊரின் கடற்கரையும் இத்தகைய ஆமைக்கரை. 1967-இல் அது இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு 17 ஆண்டு முன்பே, 1950-இல், அவ்வூர் நடுநிலைப்பள்ளி மாணவர் கரையேறும் ஆமைகளை எண்ணவும் முட்டைகளைக் கவனிக்கவும் தொடங்கியிருந்தனர். அவ்வாண்டு பொரித்த குஞ்சுகளுள் ஒன்று 'ஹமதரோ' என்ற பெயரோடு வளர்க்கப்பட்டு, ஊரின் ஆமை அருங்காட்சியகத் தொட்டியில் 70 வயதைக் கடந்தது. ஓட்டின் வளையங்களைக் கொண்டு ஆமையின் வயதை உறுதியாகச் சொல்ல இயலாது. பிறந்த நாள் தெரிந்தால்தான் வயது தெரியும். பிறந்த ஆண்டு ஐயமின்றித் தெரிந்த பெருந்தலை ஆமைகளுள் இதுவே மிக மூத்தது. அந்த ஆண்டைக் குறித்து வைத்திருந்தவர்கள் போருக்குப் பிந்திய வறுமையில் இரவெல்லாம் மணலில் விழித்திருந்த பள்ளிப்பிள்ளைகள்.